இடம் மாறிய நாற்றம்

மருந்தை எந்த அளவில் கலப்பது, பொறியை எந்தச் சுவரோரம் வைப்பது, கையுறையை எப்படிக் கழற்றுவது என்பதெல்லாம் உங்களுக்குப் பயிற்சியில் சொல்லித் தந்திருப்பார்கள். அதைத் திரும்பச் சொல்ல நான் வரவில்லை. கண்டியிலும் சுற்றுவட்டாரத்திலும் வீடு வீடாக ஏறி இறங்கி, கரப்பானையும் கறையானையும் எலியையும் தேடியே ஓய்வு வயதை எட்டியவள் நான். எனக்குத் தெரிந்த வரையில் இந்தத் தொழிலில் பூச்சியைச் சமாளித்துவிடலாம். வீட்டுக்காரர்களைச் சமாளிப்பதுதான் வேலை.

தன் வீட்டில் எலி இருக்கிறதென்று யாரும் லேசில் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். "எங்க வீட்டுல எலி இல்ல மிஸ், பக்கத்து வீட்டு எலி வந்துட்டுப் போகுது" என்பார்கள். வேனை வளைவிலேயே நிறுத்திவிட்டு நடந்து வரச் சொல்வார்கள். கம்பனி பெயர் போட்ட கோட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு வரச் சொல்வார்கள். டவுனில் ஓர் அம்மா, யாராவது கேட்டால் டிஷ் அன்டெனா பார்க்க வந்ததாகச் சொல்லும்படி எங்களிடம் கெஞ்சினார். நாங்களும் சொன்னோம். உடனே எதிர்வீட்டுக்காரர் தன் அன்டெனாவையும் ஒருமுறை பார்க்கச் சொல்லிக் கூப்பிட்டார். என்னோடு வந்த நிஸாம் மறுக்கத் தெரியாத மனிதன். கூரைமேல் ஏறி எதையோ திருப்பிவிட்டு வந்தான். அன்றிலிருந்து அந்த வீட்டில் எல்லாச் சேனலும் தெளிவாகத் தெரிந்ததாம். அதன்பிறகு எங்கள் அலுவலகத்துக்கு அன்டெனா பழுதென்று எத்தனையோ அழைப்புகள் வந்தன.

நிஸாமைப் பற்றி ஒரு வார்த்தை. என் வயதுக்குக் கொஞ்சம் இளையவன், கண்டி டவுனிலேயே பிறந்து வளர்ந்தவன். சீலிங்குக்குள் ஊர்ந்து போவதில் அவனுக்கு நிகர் யாருமில்லை. குரல் மட்டும் கொஞ்சம் பெரிது.

இனி அம்பிட்டிய வீட்டுக்கு வருகிறேன்.

அது ஒரு வெள்ளிக்கிழமை. காலையில் அலுவலகத்துக்கு ஒரு பெண்மணி போன் செய்தார். அழாத குறை. வீட்டில் எலி செத்து நாறுகிறது, பின்நேரம் மகளைப் பெண் பார்க்க நாவலப்பிட்டியிலிருந்து வருகிறார்கள், எப்படியாவது வாருங்கள் என்றார். மகளுக்கு முன்பு இரண்டு இடம் பேசித் தவறிப்போயிருக்கிறது. முதலாவது ஜாதகத்தில் தட்டியது, இரண்டாவதுக்குக் காரணமே சொல்லவில்லை. இந்த இடத்தை விட்டால் அவளுடைய அப்பா படுத்த படுக்கையாகிவிடுவார் என்றார் அந்த அம்மா.

நானும் நிஸாமும் போனபோது அப்பா படுக்கவில்லை. வாசலில் சாம்பிராணிச் சட்டியோடு நின்றார். தர்மலிங்கம் என்று பெயர், மாநகரசபையில் கிளார்க்காக இருந்து பென்ஷன் எடுத்தவர். வீட்டுக்குள் சாம்பிராணிப் புகை, மல்லிகைப்பூ, யாரோ அடித்த அறை வாசனைத் திரவியம், எல்லாவற்றுக்கும் அடியில் செத்த எலி. நான்கும் சேர்ந்து அடித்ததில் நிஸாமுக்கே கண் கலங்கிவிட்டது. நாற்றத்தை வாசனையால் மூட முடியாது. மூடப் பார்த்தால், இந்த வீட்டில் எதையோ மறைக்கிறார்கள் என்று வருகிறவனுக்குத் தெரிந்துபோகும்.

"நீங்க எலி மருந்து வச்சீங்களா?" என்று கேட்டேன்.

"மார்க்கட்டுல வாங்கினேன்," என்றார் தர்மலிங்கம். "தின்னுட்டு வெளிய ஓடிப்போய்ச் செத்துடும்னு கடைக்காரன் சொன்னான்."

எலி அப்படி எந்தக் கடைக்காரனோடும் ஒப்பந்தம் செய்துகொள்வதில்லை. அதற்கு வயிறு சரியில்லை என்றால் அது தன் வீட்டுக்குத்தான் போகும். தன் வீடு என்று அது நினைப்பது உங்கள் வீட்டுக்குள் ஓர் இடத்தை. அந்த வீட்டில் சமையலறைக் குழாய் சுவருக்குள் போகும் இடத்தில் என் கை நுழையுமளவுக்கு ஓட்டை. கொய்யா மரக்கிளை கூரைத் தகட்டில் சாய்ந்து கிடந்தது. பின்கதவுக்கும் தரைக்கும் நடுவே நல்ல இடைவெளி. பிறகொரு நாள் போய் அந்த ஓட்டையைக் கம்பிவலையும் சீமெந்தும் வைத்து அடைத்தோம், கிளையை வெட்டினோம், கதவுக்கடியில் தகடு அடித்தோம். அதன்பின் அங்கே எலி வரவில்லை. வழியை அடைக்காமல் மருந்து மட்டும் வைத்தால் வீட்டுக்குள் பிணம்தான் சேரும். ஆனால் அன்றைக்கு அதையெல்லாம் பேச நேரமில்லை.

"நாத்தம் எங்க இருந்து வருது?"

அம்மாவும் அப்பாவும் ஒரே நேரத்தில் இரண்டு பக்கம் கையைக் காட்டினார்கள். அம்மா பின்அறையைக் காட்டினார், அப்பா ஹாலை. விசாரித்தபோது, இத்தனை நாளும் பின்அறையில்தான் நாறியதென்றும் இன்று காலையிலிருந்துதான் ஹாலில் நாறுகிறதென்றும் சொன்னார்கள். ஆகவே இரண்டு எலி செத்திருக்க வேண்டும் என்பது தர்மலிங்கத்தின் முடிவு. நான் பின்அறைக்குள் போய் நின்றேன். அங்கே நாற்றம் லேசாகத்தான் இருந்தது. ஹாலில்தான் ஆளைத் தள்ளியது. இரண்டு இடத்துக்கும் பொதுவானது மேலே ஓடும் சீலிங். அதனால் நிஸாமை ஏணியில் ஏற்றி, சீலிங் துவாரத்தின் வழியாக உள்ளே அனுப்பினேன். டோர்ச்சும் பையுமாக அவன் சமையலறைப் பக்கம் ஊர்ந்து போனான்.

அப்போதுதான் வாசலில் வேன் நிற்கும் சத்தம் கேட்டது.

வழியில் மண்சரிவு இருக்குமென்று பயந்து வெள்ளனவே புறப்பட்டார்களாம். மழை விட்டிருந்தது, வீதியில் ஒரு கல்கூட விழவில்லை. பின்நேரம் வரவேண்டியவர்கள் உச்சிப் பகலிலேயே வந்து நின்றார்கள்.

அடுத்து நடந்ததெல்லாம் கண் மூடித் திறப்பதற்குள். தர்மலிங்கம் ஏணியைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் ஓடினார். போகிற போக்கில் சீலிங் பலகையையும் கூட்டுகிற தும்புத்தடியின் நீளக் கழியால் தள்ளி மூடிவிட்டார். உள்ளே ஒரு மனிதன் இருப்பது அந்த நேரத்தில் அவருக்கு நினைவில் இல்லை. அவர் மனைவி என் கோட்டைக் கழற்றி அலுமாரிக்குள் திணித்தார். நான் எப்போதும் சேலைதான் உடுத்துவேன். கோட் போனதும் நான் யாருடைய வீட்டு விசேஷத்துக்கும் பொருந்தும் ஒரு பெண்பிள்ளையாகிவிட்டேன்.

"மிஸ், ஒண்ணும் சொல்லிடாதீங்க," என்றார் அந்த அம்மா. அதற்குள் வந்தவர்கள் படியேறிவிட்டார்கள்.

மூன்று பேர். மாப்பிள்ளை ரமேஷ், கட்டட வேலை எடுத்துச் செய்யும் ஒரு நிறுவனத்தில் இருப்பவர், அதிகம் பேசாதவர். அவருடைய அம்மா, நல்ல உடம்பு, நல்ல குரல், மனதில் பட்டதை அங்கேயே சொல்லிவிடுகிற ஆள் என்று பார்த்ததும் தெரிந்தது. மூன்றாவது, அந்த அம்மாவின் தம்பி. அவரை எனக்குத் தெரியும். நாவலப்பிட்டி டவுனில் சாப்பாட்டுக்கடை வைத்திருப்பவர். அந்தக் கடையின் சமையற்கட்டுச் சுவர் இடுக்கெல்லாம் எனக்கு அவரைவிட நன்றாகத் தெரியும். கரப்பானுக்காக நாங்கள் அங்கே போய்வந்து அதிக காலம் ஆகவில்லை.

அவரும் என்னைக் கண்டார். முகம் வெளுத்துவிட்டது.

இந்த இடத்தில் ஒன்று சொல்லிவைக்கிறேன். நான் வேலைக்குச் சேர்ந்தபோது எங்களை மேற்பார்வை செய்தவர் கண்டிப்பாகச் சொன்ன விஷயம் இது. வாடிக்கையாளரை வெளியில் கண்டால், அவர் சிரிக்கும்வரை நாம் சிரிக்கக்கூடாது. கோயிலில் கண்டாலும் சரி, கல்யாண வீட்டில் கண்டாலும் சரி, அவர் வீட்டுக் கரப்பான் நமக்குத் தெரியாது. அதனால் நான் சுவரைப் பார்த்தேன். கடைக்காரர் தரையைப் பார்த்தார்.

மாப்பிள்ளையின் அம்மா ஹாலின் நடுவில் கிடந்த சோபாவில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். மற்றவர்களுக்குப் பிரம்புக் கதிரைகள்.

"இவங்க யாரு?" என்று என்னைக் காட்டிக் கேட்டார்.

"பொண்ணுக்குச் சித்தி," என்றார் வீட்டுக்கார அம்மா. "வத்தேகம சித்தி. இந்திராணி."

என் பெயர் இந்திராணி இல்லை. நான் வத்தேகமக்காரியும் இல்லை.

"எங்க வேலை பாக்குறீங்க?"

பொய்க்கு மேல் பொய் வேண்டாமென்று, "வீடுகளுக்குப் போய்ச் சுகாதார விஷயம் சொல்ற வேலைங்க," என்றேன். இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை.

"ஓ, கர்ப்பிணிப் பொம்பளைங்களைப் பாக்க வருவாங்களே, அந்த மிஸ்ஸா?"

நான் வாயைத் திறக்குமுன் தர்மலிங்கம் ஆமாம் என்றுவிட்டார். அந்த அம்மாவின் முகம் மலர்ந்தது. அவருடைய மூத்த மருமகளுக்கு ஐந்து மாதமாம், சாப்பிட்டது எதுவும் தங்குவதில்லையாம், என்ன கொடுக்கலாம் என்று கேட்டார். எலிக்கு என்ன கொடுப்பதென்று கேட்டிருந்தால் மணிக்கணக்கில் சொல்லியிருப்பேன்.

"எனக்கு அவ்வளவு தெரியாதுங்க. டொக்டர்கிட்ட காட்டுறதுதான் நல்லது."

"பாத்தியா தம்பி," என்றார் அவர். "தெரியாததைத் தெரியாதுன்னு சொல்றாங்க. நல்ல குடும்பம்."

"ரொம்ப நல்ல குடும்பம்க்கா," என்றார் கடைக்காரர் அவசரமாக. "பாத்தாலே தெரியுது. எனக்குப் பரிபூரண சம்மதம்."

பெண்ணை இன்னும் யாரும் பார்க்கவே இல்லை. மாப்பிள்ளை தன் மாமாவைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். அந்த மனிதர் என் வாயை அடைப்பதற்காகச் சம்மதத்தைக் கொடுத்துக்கொண்டிருந்தார் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

அதற்குள் நாற்றம் எழுந்து வந்தது. அந்த அம்மா மூக்கைச் சுருக்கினார். இடது பக்கம் திரும்பினார், வலது பக்கம் திரும்பினார்.

"என்னமோ ஒரு வாடை."

"கருவாடுக்கா," என்றார் கடைக்காரர், உதவி செய்யும் எண்ணத்தில்.

"வெள்ளிக்கிழமையிலயா?"

வீட்டுக்கார அம்மா துடித்துப்போனார். "ஐயோ இல்லைங்க, நாங்க வெள்ளிக்கிழமை கருவாடு சமைக்கிற ஆளுங்க இல்ல."

"அப்ப என்ன வாடை?"

தர்மலிங்கம் பேச்சை மாற்றப் பார்த்தார். "நீங்க வசதியா சாஞ்சு உக்காருங்கம்மா. இது எங்க கல்யாணத்துக்கு வாங்கின சோபா. சும்மா பின்அறையில கெடந்திச்சு. இன்னைக்குக் காலையிலதான் புது உறை போட்டு இங்க கொண்டாந்து வச்சோம்."

பிள்ளைகளே, அந்த நிமிடம்தான் எனக்கு விளங்கியது. இத்தனை நாள் பின்அறையில் நாறியிருக்கிறது, இன்று காலையிலிருந்து ஹாலில் நாறுகிறது. செத்த எலி நடந்து வராது. யாரோ தூக்கிக்கொண்டுதான் வந்திருக்க வேண்டும். வந்ததும் நான் கேட்டிருக்க வேண்டியது ஒரே கேள்வி. இன்று காலை எதை இடம் மாற்றினீர்கள்? அதைக் கேட்கும் பழக்கம் அன்றிலிருந்துதான் எனக்கு வந்தது. உங்களுக்கு இன்றிலிருந்தே வரட்டும்.

ஆனால் எலி எங்கே என்று தெரிந்ததும் பாதி வேலை முடிந்ததென்று நினைக்காதீர்கள். அதன்மேல் சம்பந்தியாகப் போகிறவர் உட்கார்ந்திருந்தார்.

"அம்மா, சாமி அறையைப் பாக்கலாம், வாங்க," என்றேன்.

"போகும்போது பாக்குறேன். எனக்கு முழங்கால் வலி. உக்காந்தா லேசுல எந்திரிக்க முடியாது."

"வெளிய காத்து நல்லா வருது. முன்னால போய் உக்காரலாம்."

"வேன்ல குலுங்கி வந்த உடம்புக்கு இந்த சோபாதான் சொகம், இந்திராணி."

என்ன செய்வதென்று யோசித்தேன். மயக்கம் போட்டு விழலாமா என்றுகூட ஒரு எண்ணம் வந்தது. அந்த நேரத்தில் சீலிங்கில் கரகரவென்று சத்தம். சமையலறைப் பக்கத்திலிருந்து மெல்ல ஹாலை நோக்கி நகர்ந்து வந்தது. அந்த அம்மா மேலே பார்த்தார்.

"என்ன அது?"

எலி என்று சொல்லலாமா? தர்மலிங்கம், "பூனைங்க," என்றார். "எங்க வீட்டுப் பூனை. கொஞ்சம் பெரிசு."

சத்தம் சரியாக எங்கள் தலைக்குமேல் வந்து நின்றது. பிறகு நிஸாமின் குரல் வீடு முழுவதும் கேட்டது.

"மிஸ், இங்க ஒண்டும் இல்ல. எலி கீழ ஹால்லதான் எங்கயோ செத்துக் கெடக்கு. ஏணி எங்க மிஸ்?"

அந்த அம்மா சீலிங்கையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தர்மலிங்கத்தின் பக்கம் திரும்பினார்.

"உங்க பூனைக்கு நல்லாத் தமிழ் வருது."

தர்மலிங்கம் தலையைக் குனிந்துகொண்டார். அவர் மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டார், அழுகையா என்ன என்று தெரியவில்லை. நான் ஏதாவது சொல்லியே ஆகவேண்டும். ஆனால் எனக்கு முன்னால் அந்த வீட்டு மகள் கவிதா வந்துவிட்டாள். கையில் தேநீர்த் தட்டு, தலையில் பூ. சமையலறை வாசற்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். தட்டை மேசையில் வைத்துவிட்டு மாப்பிள்ளையின் அம்மாவைப் பார்த்து நேராகப் பேசினாள்.

"அம்மா, எங்க வீட்டுல எலி செத்துப்போச்சு. எங்கன்னு கண்டுபிடிக்க முடியல. இவங்க எங்க சித்தி இல்ல, பூச்சி மருந்துக் கம்பனியில இருந்து வந்தவங்க. மேல இருக்கிறது அவங்களோட வந்தவர். நீங்க டீ குடிக்கிறதுக்கு முன்னாடி சொல்லிடணும்னு நெனச்சேன்."

அவள் கடைசிவரை சொல்லி முடித்தாள். அவளுக்குப் பயமில்லை என்று நினைக்காதீர்கள். சேலைத் தலைப்பை அவள் எப்படி முறுக்கிப் பிடித்திருந்தாள் என்று பக்கத்தில் நின்ற நான் பார்த்தேன். எத்தனையோ வீடுகளில் எத்தனையோ பேர் எனக்குச் சொன்ன பொய்களையெல்லாம் நினைத்துக்கொண்டேன். உண்மையைச் சொல்ல அந்தப் பொய்களுக்கு எடுத்த நேரம்கூட எடுக்கவில்லை.

அவள் திறந்துவிட்ட வழியில் நானும் போனேன். "அம்மா, எலி எங்க இருக்குன்னு எனக்கு இப்பத் தெரியும். தயவு செஞ்சு எந்திரிங்க. உங்களுக்குக் கீழதான்."

முழங்கால் வலி எங்கே போனதென்று தெரியவில்லை. அந்த அம்மா எழுந்த வேகத்தில் கடைக்காரரின் கதிரை சாய்ந்தது. சாய்ந்தவர் எழும்போதே பேச ஆரம்பித்துவிட்டார், இனி மறைத்துப் பயனில்லை என்று பட்டதோ என்னவோ.

"அக்கா, கோவிச்சுக்காத. எலி, கரப்பான்னா எந்த வீட்டுலயும் வரும். இவங்க நம்ம கடைக்கும் வந்திருக்காங்க. நல்ல வேலைக்காரங்க."

நான் அப்போதும் அவரைப் பார்த்துச் சிரிக்கவில்லை. அக்கா தம்பியை மேலும் கீழும் பார்த்தார்.

"அப்ப இவங்க சித்தி இல்லன்னு உனக்கு மொதல்லயே தெரியும். செத்த எலி எப்படி நாறும்னும் உனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் கருவாடுன்னு சொன்னியா?"

கடைக்காரர் தர்மலிங்கத்தோடு சேர்ந்து ஏணி எடுக்கப் போய்விட்டார். ஒரு நிமிடத்தில் இரண்டு பேரும் நல்ல சிநேகிதர்களாகியிருந்தார்கள்.

நான் சோபாவின் ஒரு பக்கத்தைப் பிடித்தேன். மறுபக்கத்தைப் பிடிக்க நிஸாம் இறங்கி வரவேண்டும். அதுவரை ஒரு சொல்லும் பேசாதிருந்த ரமேஷ் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்தார்.

"மிஸ், இன்னொரு சோடிக் கையுறை இருக்கா?"

எலியைத் தூக்க வருகிற ஆண்களில் இரண்டு வகையைப் பார்த்திருக்கிறேன். ஒருவன் மூக்கைப் பொத்திக்கொண்டு தூரத்திலிருந்து வழி சொல்வான். இன்னொருவன் வெறுங்கையால் வாலைப் பிடித்துத் தூக்கி வீரம் காட்டுவான், நாங்கள் அவனை அதட்ட வேண்டிவரும். கையுறை கேட்ட மாப்பிள்ளையை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கண்டேன். கவிதாவும் அவரைப் பார்த்தாள். வந்ததிலிருந்து அவள் அவரை நிமிர்ந்து பார்த்தது அப்போதுதான்.

சோபாவைக் கவிழ்த்தோம். அடித்துணி ஓரத்தில் கிழிந்து, உள்ளே பஞ்சும் துணிக்கிழிசலுமாக வசதியான ஒரு கூடு. நடுவில் எலியார் படுத்திருந்தார். ரமேஷ் பையை விரித்துப் பிடித்தார், நான் எடுத்துப் போட்டேன். முகத்தைத் திருப்பினாரே தவிரக் கை ஆடவில்லை.

"ஆழமாப் புதைக்கணும்," என்றேன். "மருந்து தின்ன எலி. நாய், பூனை தோண்டி எடுத்துறக் கூடாது."

"மண்வெட்டி பின்னால இருக்கு. வாங்க, காட்டுறேன்," என்றாள் கவிதா.

பட்டுச்சேலையும் பூவுமாக அவள் முன்னால் போனாள். பையோடு அவர் பின்னால் போனார். நிஸாம் அதற்குள் இறங்கி வந்து, தலையெல்லாம் ஒட்டடையோடு ஹாலில் நின்றான். என்ன நடந்ததென்று அவனுக்கு இன்னும் புரியவில்லை. வீட்டுக்கார அம்மா ஆறிப்போன தேநீரில் ஒன்றை எடுத்து அவனுக்குக் கொடுத்தார். ஜன்னல்களைத் திறந்துவிட்டோம். சோபாவைத் தூக்கி முற்றத்தில் போட்டோம்.

நான் கை கழுவச் சமையலறைக்குப் போனேன். அங்கே ஜன்னலிலிருந்து பின்தோட்டம் தெரியும். குழியை மூடி, மண்ணை மிதித்து, ஒரு கல்லையும் தூக்கி வைத்து முடிந்துவிட்டது. மண்வெட்டி மரத்தில் சாய்ந்து நின்றது. கவிதா கையை ஆட்டி ஆட்டி எதையோ சொல்லிக்கொண்டிருந்தாள். அதிகம் பேசாத அந்தப் பையன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சீலிங்கைக் காட்டிய மாதிரி அவன் விரலை மேலே நீட்ட, அவளும் சிரித்தாள்.

மாப்பிள்ளையின் அம்மா வந்து என் பக்கத்தில் நின்றார். அவரும் ஜன்னல் வழியாகப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஒரு எலியைப் பொதைக்க இவ்வளவு நேரமா எடுக்கும்?" என்று கேட்டார்.

"எடுக்காதும்மா," என்றேன்.

"அதான் பாத்தேன்," என்றார். பிறகு ஹால் பக்கம் திரும்பி, புது டீ ஊற்றச் சொன்னார். இரண்டு டீயை மட்டும் பிறகு ஊற்றினால் போதும், அந்தப் பிள்ளைகள் வர நேரமாகும் என்றார்.